எந்தப் பெட்டியிலும் சேராத துணி

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தீபாவளிக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கிள்ளானில் எங்கள் வீட்டு ஸ்டோர் ரூம் வாசலில் நின்று நான் போட்ட சத்தம் பின் வரிசை வீடுகள் வரைக்கும் கேட்டிருக்கும். சத்தம் போட்டது என் வீட்டுக்காரர் மேல். தப்பு செய்தது நான். அது என் மண்டையில் ஏறவே அரை மணி நேரம் ஆனது.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும். நான் ஒரு மின்சாரச் சாமான் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவள். கடைசிப் பதினாறு வருஷம் கியூசியில், அதாவது தரம் பார்க்கிற பிரிவில் இருந்தேன். வரிசையில் வருகிற ஒவ்வொரு சாமானையும் எடுத்துப் பார்த்து, ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ரிஜெக்ட் பெட்டியில் போடுவது என் பிழைப்பு. எனக்குக் கீழே வேலை செய்த பெண்களுக்கு என் பெயரைவிட என் ஸ்டிக்கர்தான் பழக்கம். திடீரென்று ஒருநாள் கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது என்றார்கள். ஆளுக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். ஐம்பத்தொரு வயதில் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் சோற்றுக்குக் கஷ்டம் இல்லை. வீட்டுக்காரர் மணல் லோரி ஓட்டுகிறார், பிள்ளைகள் இரண்டும் வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் கல்யாண வீட்டிலோ கோயிலிலோ யாராவது "இப்ப என்ன செய்றீங்க?" என்று கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்வதற்குள் எனக்கு வாய் வறண்டுவிடும். அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தே நான் இரண்டு கல்யாணத்துக்குப் போகவில்லை. யாரிடமும் இதைச் சொன்னதும் இல்லை.

என் மகள்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வகுப்புக்கு என் பெயரைப் பதிந்தாள். பழைய துணிகளை வைத்துச் சுவரில் மாட்டுகிற மாதிரி ஒரு பெரிய வேலை செய்ய வேண்டும். ஒரே ஒரு விதி. புதுத்துணி வாங்கக்கூடாது, அடுத்தவர் துணியையும் தொடக்கூடாது. நாம் உடுத்தித் தேய்த்த துணி மட்டும். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொமுட்டர் ரயில் ஏறிப் போனேன். கடைவீட்டு மாடியில் நீளமான ஓர் அறை. நாங்கள் பதினெட்டுப் பேர். சொல்லிக் கொடுத்தவர் முப்பது வயதுகூட ஆகாத பெண். ஓவியம் படித்தவர். எங்கள் எல்லாரையும் ஆன்டி என்றுதான் கூப்பிடுவார், ஆனால் வேலை என்று வந்துவிட்டால் ஆன்டி அங்கிள் எல்லாம் பார்க்க மாட்டார்.

என் அலமாரியைக் கவிழ்த்தேன். தொழிற்சாலையில் போட்ட நீலச் சட்டைகள் ஐந்து இருந்தன. வீட்டில் கட்டிய பூப்போட்ட பாத்தேக் கைலிகள், வாயில் புடவை இரண்டு, மகன் வயிற்றில் இருந்தபோது போட்ட பெரிய கவுன், கம்பெனி விருந்துக்கு மட்டும் போடுகிற பஜு கூரோங் என்கிற மலாய் உடை, நைந்துபோன நைட்டிகள். எல்லாவற்றையும் வெட்டி, கையாலேயே தைத்தேன். ஆறடி உயரம், ஐந்தடி அகலம். நடுவில் நீலம் மேலிருந்து கீழே ஒரு ரோடு மாதிரி இறங்கும், இரண்டு பக்கமும் மற்ற துணிகள். எட்டு மாதம் ஆனது. வீட்டுக்காரர் சாப்பாட்டு மேசையில் இடம் இல்லாமல் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். என் லோரி மணலை மூடக் கென்வஸ் தைக்கிறியா என்று தினம் ஒரு தடவை கேட்பார். நான் தலை நிமிராமல் தைப்பேன்.

எனக்கு உறுத்தலாக இருந்தது ஒன்றுதான். தேய்ந்த இடங்கள். சில துண்டுகள் உடுத்தி உடுத்தி, துவைத்துத் துவைத்து, வெங்காயத் தோல் அளவுக்கு மெலிந்திருந்தன. தொழிற்சாலையாக இருந்தால் அத்தனைக்கும் சிவப்பு ஸ்டிக்கர்தான். கடைசியில் பின்பக்கம் முழுக்கத் தடிமனான கறுப்பு லைனிங் துணி வைத்துத் தைத்துவிட்டால் ஒன்றும் தெரியாது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தீபாவளியை ஒட்டி, அதே மாடி அறையில் கண்காட்சி என்றார்கள். பதினெட்டு வேலை இருக்கிறது, சுவரில் பன்னிரண்டுக்குத்தான் இடம். டீச்சர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னுடையதை நான்கு பேர் தூக்கிப் பிடித்தோம். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"ஆன்டி, தையல் ரொம்ப சுத்தமா இருக்கு. ஆனா சுவத்துல வச்சுப் பார்த்தா போர்வை மாதிரிதான் தெரியுது."

பொய் சொல்லத் தெரியாத பெண். கண்காட்சி தொடங்குகிற சனிக்கிழமை காலை லைனிங் போட்டுக் கொண்டு வரச் சொன்னார், ஒரு தடவை மாட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பதினாறு வருஷம் நானே அப்படிப் பேசியிருக்கிறேன். ரயிலில் வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிள்ளான் வரை வந்தேன். அந்தச் சுவரில் என் துணி தொங்க வேண்டும். அது தொங்காவிட்டால் நான் எட்டு மாதமும் சும்மாதான் இருந்தேன் என்று ஆகிவிடும். அவ்வளவுதான் அப்போது என் மனதில் இருந்தது.

இப்போது அந்தக் கறுப்புப் பை விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வீடு கழுவுகிற வேலை எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடக்கும். செவ்வாய்க்கிழமையிலிருந்து வீட்டுக்காரர் லீவு எடுத்து, ஹாலில் தொடங்கி வீடு முழுக்கப் பெயின்ட் அடித்தார். பெயின்ட் தெறித்துவிடுமே என்று, என் துணியை மடித்து ஒரு புது கறுப்புக் குப்பைப் பைக்குள் போட்டு, கட்டி, ஸ்டோர் ரூமில் வைத்தேன். அங்கே ஏற்கெனவே ஆறு கறுப்புப் பைகள் இருந்தன. வெட்டி மிஞ்சிய துணி, பிள்ளைகளின் பழைய சட்டை, எல்லாம் தர்மத்துக்குப் போட வேண்டியவை. அதைக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று மூன்று வாரமாக நான் கத்திக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை பாசாருக்குச் சாமான் வாங்கக் கிளம்பும்போது கேட்டில் நின்று மறுபடி கத்தினேன். ஸ்டோர் ரூமில் இருக்கிற கறுப்புப் பை ஒன்று விடாமல் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வாருங்கள் என்று.

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் நான் சொன்னதை அவர் ஒன்று விடாமல் செய்தது அந்த ஒரு தடவைதான்.

புதனும் வியாழனும் முறுக்கு, அதிரசம் என்று அடுப்படியிலேயே போனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லைனிங் துணியை விரித்து, கத்தரி, நூல், சோக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் பையை எடுக்கப் போனேன். ஸ்டோர் ரூம் பளிச்சென்று காலியாக இருந்தது. தரையைக்கூட மோப் போட்டு வைத்திருந்தார்.

நான் என்னென்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. எட்டு மாதம் ஒரு பொம்பளை ராவும் பகலும் தைத்ததைக் கொண்டுபோய்க் குப்பையில் போட ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும், பையைத் திறந்து பார்க்கக்கூடவா கை இல்லை என்று ஆரம்பித்து, கல்யாணத்தன்று அவர் தாமதமாக வந்தது வரைக்கும் போய்விட்டேன். அவர் கையில் பெயின்ட் பிரஷ்ஷோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

"நீதானம்மா சொன்ன, ஒன்னு விடாமன்னு."

நான் வாசலுக்கு ஓடினேன், அவர் காரை எடுத்தார்.

தர்மத்துக்குத் துணி போடுகிற பெட்டி எங்கள் ரோட்டு முனையில், பிள்ளைகள் விளையாடுகிற பாடாங் பக்கத்தில் இருக்கிறது. இரும்புப் பெட்டி. பூட்டு போட்டிருக்கும். கைத்தொலைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தோம். காலி. எதிரே ரொட்டி சானாய் போடுகிறவர், லோரி நேற்றுக் காலையே வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது என்றார். பெட்டி மேல் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஒரு பெண் மலாயில் பேசினாள். பைகள் எல்லாம் வந்ததும் பிரித்துக் கொட்டிவிடுவார்களாம், அதில் ஒரு துணியைத் தேடுவது நடக்கிற காரியம் இல்லையாம், வேண்டுமானால் ஐந்து மணிக்குள் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னாள். மேரு பக்கம் ஒரு தொழிற்பேட்டையில் இடம். அப்போது மணி மூன்று.

தீபாவளி நேரத்தில் கிள்ளான் ரோடு எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.  பெரிய ரோட்டில் ஜேம் என்று தெரிந்ததும் அவர் லோரிக்காரர்கள் போகிற குறுக்கு வழியில் திருப்பினார். குழியில் விழுந்து எழுந்து போனோம். அவர் சட்டையில் மஞ்சள் பெயின்ட் அப்படியே இருந்தது. இந்த மனுஷனைப் போய் இப்படித் திட்டினோமே என்று பாதி வழியில் எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை.

அந்தத் தொழிற்பேட்டைக் கொட்டகைக்குள் போனோம். அவ்வளவு துணியை ஒரே இடத்தில் நான் பார்த்ததே இல்லை. கூரை உயரத்துக்குக் கொட்டிக் கிடந்தது. அதற்கு முன்னால் நீளமான மேசைகள், மேசைக்குப் பின்னால் பெண்கள். கையில் எடுத்து, உதறி, ஒரு பார்வை பார்த்து, சுற்றியிருக்கிற பெட்டிகளில் ஒன்றில் வீசுகிறார்கள். ஆண்கள் சட்டை ஒரு பெட்டி, பஜு கூரோங் ஒரு பெட்டி, ஜீன்ஸ் ஒன்று, பிள்ளைத்துணி ஒன்று. என் தொழிற்சாலை ஞாபகம் வந்துவிட்டது. இங்கே சாமானுக்குப் பதில் துணி.

மேற்பார்வை பார்க்கிறவர் ஒரு சீனர். நான் மலாயில் விவரம் சொன்னேன். அவர் பாவம், பொறுமையாகத்தான் கேட்டார். நேற்று வந்ததெல்லாம் பிரித்து முடிந்துவிட்டது என்றார். உடுத்துகிற மாதிரி இருப்பது மூட்டையாகக் கட்டி வெளியே போய்விடும். உடுத்த முடியாதது, அதிலும் பருத்தியாக இருந்தால், பின்பக்கம் போகும். அங்கே மெஷினில் சின்னச் சின்னதாக வெட்டிக் கைத்துணி ஆக்கி, கார் ஒர்க்‌ஷாப்புகளுக்கு எண்ணெய் துடைக்க அனுப்புகிறார்களாம். என்னுடையது உடுத்துகிற துணி இல்லை. பருத்தி. அவர் மேற்கொண்டு சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பின்பக்கம் ஓடினேன். வெட்டும் மேசைக்குக் கீழே கூடை கூடையாகத் துண்டுகள். மூன்றாவது கூடையில் ஒரு நீலம் தெரிந்தது. எடுத்தேன். என் தொழிற்சாலை நீலம். உள்ளங்கை அளவு. அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கடிதம் வந்த அன்றுகூட நான் அழவில்லை. அன்று அழுதேன். சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, வீட்டுக்காரர் தோளைப் பிடித்துத் தூக்கத் தூக்க எழுந்திருக்காமல் அழுதேன். மெஷினை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, ஏன் அழுவுறீங்க? என்னா துணி?"

தமிழ்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்தேன். வெட்டும் மெஷின் பக்கத்திலிருந்து ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். தலையில் துணி கட்டியிருந்தார், கையில் கத்தரி. நானும் அவரை அக்கா என்றேன். யார் மூத்தவர் என்று இன்று வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டதில்லை. கையில் இருந்த நீலத் துண்டைக் காட்டினேன். அவர் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்த்தார். இது இன்று காலை வேறொரு மூட்டையில் வந்த ஆம்பளைச் சட்டை, தானே வெட்டியது என்றார். உங்களுடையது எப்படி இருக்கும் என்று கேட்டார்.

எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போர்வையா என்று கேட்டார், இல்லை என்றேன். மேசைவிரிப்பா, திரையா என்று கேட்டார், அதுவும் இல்லை என்றேன். எல்லாம் நான் உடுத்தின துணிதான் அக்கா, நடுவில் நீலமாக இருக்கும் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தையே பார்த்தார். கத்தரியை மேசையில் வைத்தார். வாங்க என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

சாப்பிடுகிற அறை. மேற்குப் பக்கம் பெரிய ஜன்னல். மணி நாலரை, வெயில் நேராக அடிக்கிற நேரம். அந்த ஜன்னலை மறைத்து, மேலே கம்பியில் துணிக்கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். என் துணி.

அது கிடைத்துவிட்ட சந்தோஷம் எனக்குக் கொஞ்சம் பிறகுதான் வந்தது. முதலில் அது என்னுடையது என்றே தெரியவில்லை. எட்டு மாதம் மேசையில் படுக்கப் போட்டுத்தான் அதைப் பார்த்திருக்கிறேன். சுவரில் வைத்தும் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து வெளிச்சம் வந்து நான் பார்த்ததே இல்லை. துணி முழுக்க விளக்கு மாதிரி எரிந்தது. இரண்டு துணி சேர்கிற தையல் எல்லாம் கறுப்புக் கோடாக ஓடியது. தடித்த இடம் இருட்டாக இருந்தது. நான் மறைக்க நினைத்த இடம், தேய்ந்து மெலிந்த இடம், அதில்தான் வெயில் மொத்தமும் உள்ளே வந்துகொண்டிருந்தது. நடுவில் அந்த நீலம் மேலிருந்து கீழே தண்ணீர் மாதிரி இறங்கியது. சாப்பாட்டு மேசை, தரை, உட்கார்ந்திருந்த பெண்கள் கைமேல் எல்லாம் நிறம் விழுந்திருந்தது. என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தபடி நின்றார். கென்வஸ் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அந்த அக்காவின் மேசைக்கு வெட்டுவதற்குத்தான் வந்ததாம். எடுத்து உதறியிருக்கிறார்.

"எந்தப் பொட்டியில போடுறதுன்னு தெரியல லா. திருப்பிப் பார்த்தேன். பின்னாடி அத்தன முடிச்சும் ஒரே கை போட்டது. வெட்டுறதுக்குக் கை வரல."

வெயிலால் அந்த அறையில் சாப்பிட முடியாமல் ரொம்ப நாள் அவஸ்தையாம், அதனால் ஜன்னலில் மாட்டிவிட்டார். நேற்றிலிருந்து எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஜன்னல் பக்கத்தில் போய் நின்று, விரலை வைத்து, ஒவ்வொரு துண்டாக எனக்கே சொல்ல ஆரம்பித்தார். வருஷக்கணக்கில் பிறர் துணியைக் கையில் எடுத்தவர். தேய்ந்திருப்பதை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாராம்.

"இந்த நீலம் முழங்கைக்குக் கீழதான் தேஞ்சிருக்கு. மேச ஓரத்துல கைய வச்சு நாள் பூரா வேல செஞ்சிருக்கீங்க. இந்தக் கைலியில ரெண்டு ஓரமும் கொத்தாப் பிடிச்சுக் கட்டின தழும்பு இருக்கு. ஸ்ப்ரிங்குல மாட்டித் தொட்டில் கட்டியிருக்கீங்க. ரெண்டு பிள்ளையாவது அதுல தூங்கியிருக்கும்."

நைட்டியில் வலது பக்கம் இடுப்போரம் மெலிந்திருப்பது சமைக்கும்போது கை துடைத்த இடம் என்றார். பஜு கூரோங் எங்கேயும் தேயவில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை ஆசையாகப் போட்டிருப்பீர்கள் என்றார். கவுனைத் தொட்டு, இதில் நிறைய நாள் உட்கார்ந்தேதான் இருந்திருக்கிறீர்கள், டாக்டர் நடக்க வேண்டாம் என்று சொன்னாரா என்று கேட்டார். மகன் வயிற்றில் இருந்தபோது ஐந்து மாதம் நான் படுக்கையும் நாற்காலியுமாகக் கிடந்தது அங்கே என் வீட்டுக்காரரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபத்தேழு வருஷம் உழைத்த இடத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு கடிதம். இந்த அக்கா என்னைப் பார்த்தே பத்து நிமிஷம் ஆகவில்லை, என் மொத்த உழைப்பையும் எடுத்து எனக்கு முன்னால் வைத்துவிட்டார். அந்தச் சந்தோஷத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துணியைக் கழற்றும்போது சாப்பாட்டு அறையில் எல்லார் முகமும் வாடிவிட்டது. வெயில் பழையபடி கண்ணில் அடித்தது. எனக்கு ஒரு யோசனை வந்தது. காரில் லைனிங் துணி கிடந்தது, கிளம்புகிற அவசரத்தில் கையோடு அள்ளி வந்தது. இனி அது எனக்குத் தேவையில்லை. கொண்டுவந்து, ஜன்னலுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருமையாக நீட்டினேன். அக்கா அதை விரித்துப் பார்த்தார். "இத மாட்டினா சோறு எங்க இருக்குன்னு தேடணும் லா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மறுநாளே எங்கள் ஹால் திரைச்சீலையைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். தீபாவளிக்கு என்று நான் புதிதாகத் தைத்து மாட்டிய திரை அது. இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் சனிக்கிழமை காலை இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் மாடிக்கு எட்டரைக்கே போய்விட்டோம். பதினோரு மணிக்குக் கண்காட்சி. டீச்சர் சுவரில் ஏற்கெனவே பதினொன்றை மாட்டியிருந்தார். என் துணியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. லைனிங் போடலையா ஆன்டி என்றார். இல்லை, எனக்குச் சுவர் வேண்டாம், ஜன்னல் வேண்டும் என்றேன்.

அந்த அறையில் ரோட்டைப் பார்த்து மூன்று பெரிய ஜன்னல்கள் உண்டு. கிழக்குப் பக்கம். வெளிச்சம் வேலைகளின் நிறத்தைக் கெடுத்துவிடும் என்று டீச்சர் மூன்றையும் அட்டை வைத்து ஒட்டி மறைத்திருந்தார். அட்டையை எடுக்க முடியாது, படம் எடுக்க ஆள் வருகிறார்கள், நேரம் இல்லை என்று அவர் ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். எல்லாம் நியாயமான காரணம்தான். நான் பயந்த சுபாவம் இல்லை, ஆனால் வகுப்பில் அவர் பேச்சை மீறியதே இல்லை.  தொழிற்சாலையில் பேசுகிற குரலை எங்கிருந்தோ எடுத்தேன்.

"அஞ்சு நிமிஷம் கொடும்மா. அப்புறம் ரிஜெக்ட்டுன்னு நீ சொன்னா நானே கழட்டி மடிச்சு எடுத்துட்டுப் போறேன்."

அவர் ஒதுங்கி நின்றார். நான் ஸ்டூலில் ஏறினேன். வீட்டுக்காரர் கீழே நின்று துணி கோர்த்த கம்பைத் தாங்கிப் பிடித்தார். முதலில் துணியை மாட்டிவிட்டு, பிறகு பின்னால் கையை விட்டு அட்டையைப் பிய்த்தேன். காலை வெயில் உள்ளே வந்தது.

 நான் ஸ்டூலில் நின்றபடியே டீச்சரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிக் கதவுப் பக்கம் போனார். போச்சு என்று நினைத்தேன். அங்கே போய் ஸ்விட்ச்களை ஒவ்வொன்றாக அணைத்தார். அறையில் எரிந்த விளக்கெல்லாம் அணைந்தது. என் துணி மட்டும் எரிந்தது. திரும்பி வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, ஆன்டி, இத்தனை மாதம் இதை நான் பார்க்கவே இல்லை, மன்னித்துவிடுங்கள் என்றார். பொய் சொல்லத் தெரியாத பெண் என்று சொன்னேன் அல்லவா. மற்ற இரண்டு ஜன்னலின் அட்டையையும் அவரே பிய்த்துப் போட்டார். இடம் கிடைக்காமல் மூலையில் மடித்துக் கிடந்த ஐந்தாறு வேலைகளை எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். இரண்டு அன்றே ஜன்னல் ஏறின. ஜீன்ஸில் செய்திருந்த ஓர் ஆன்டியின் வேலையில் மட்டும் எவ்வளவு தூக்கிப் பிடித்தும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. அவர் கோபித்துக்கொண்டார். கடைசியில் என் துணிக்காகச் சுவரில் ஒதுக்கி வைத்திருந்த பன்னிரண்டாவது இடத்தை அவருக்குக் கொடுத்தோம்.

பத்து நாள் நடந்தது. தீபாவளிச் சாமான் வாங்க வந்த கூட்டம் மாடிக்கும் ஏறியது. பங்சாரில் ஆபீஸ் வைத்திருக்கிற பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். என்னிடம் பேசினார்கள். என் மகள் லீவு போட்டு வந்து, ஜன்னல் முன்னால் நின்று, அம்மா இது என் தொட்டில்தானே என்று கேட்டு அழுதாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் ஆனதும் உள்ளே விளக்கைப் போட்டால் ரோட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கீழே பூக்கடைக்காரர் நாங்கள் விளக்குப் போட மறந்தால் மேலே பார்த்துக் கத்துவார்.

தொடங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, அந்த அக்கா வந்தார். அவருக்கு அன்றுதான் லீவு. நல்ல பட்டுப் புடவை கட்டி, தலைநிறைய பூ வைத்து, கூட வேலை செய்கிற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் இந்தோனேசியப் பெண்கள், ஒருவர் நேப்பாளம். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள், ஜன்னல் முன்னால் ஒரு சின்னக் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் அக்கா. விரலை வைத்து, இது கை துடைத்த இடம், இது தொட்டில் கட்டின தழும்பு என்று தமிழும் மலாயுமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆட்கள் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டிலேயே தட்டோடு நின்றுவிட்டேன். நான் விளக்கியிருந்தால் அதில் பாதிகூட வந்திருக்காது.

கூட்டத்தில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா, இதைச் செய்தது நீங்களா என்று அவரைக் கேட்டார். அக்கா திரும்பி என்னைக் கையால் காட்டினார்.

"தைச்சது அந்த அக்கா. ரிஜெக்ட் இல்லன்னு சொன்னது நான்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் தட்டோடு போய் முதல் தேத்தண்ணியை அவருக்கு நீட்டினேன்.

அதற்குப் பிறகு நான் இன்னும் மூன்று வேலை முடித்துவிட்டேன். மூன்றையும் முடித்ததும் முதலில் மேருவுக்குக் கொண்டுபோய் அந்தச் சாப்பாட்டு அறை ஜன்னலில் மாட்டி, அந்த அக்கா என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் வெளியே காட்டினேன். ஒன்றைப் பிரித்துத் திருப்பித் தைக்கச் சொன்னார், தைத்தேன். கல்யாணங்களுக்கும் போகிறேன், கேட்கிறவர்களுக்கு என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். பாராட்டு எவ்வளவோ வந்தது, பேப்பரில்கூடப் படம் வந்தது, ஆனால் வெட்டுவதற்குக் கத்தரியை எடுத்த ஒரு பெண் துணியைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தரியைக் கீழே வைத்தாரே, அதை நினைத்துக்கொண்டுதான் நான் இன்றும் ஊசியில் நூல் கோர்க்கிறேன்.